பழைய ஏஎஸ்/400-க்கு எக்ஸ்எம்எல் படிக்கத் தெரியுமா? காரைக்குடி வாசகிக்குப் பதில்

காரைக்குடிப் பக்கமிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால், சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

எவர்சில்வர், பித்தளைப் பாத்திர மொத்த வியாபாரம் செய்யும் குடும்ப நிறுவனம் அது. தலைமை அலுவலகம் காரைக்குடியில்; மதுரையிலும் திருச்சியிலும் குடோன்கள். தொண்ணூறுகளில் ஐபிஎம்மின் வணிகக் கணினியான ஏஎஸ்/400 ஒன்றை வாங்கினார்கள். மெஷின் இரண்டு முறை மாறி, இப்போது பவர் சர்வரில் அதன் வழிவந்த இயங்குதளமான ஐபிஎம் ஐ 7.3 ஓடுகிறது. ஸ்டாக், பில்லிங், பேரேடு, வருடக் கடைசியில் ஐந்தொகை எடுப்பது வரை எல்லாம் இந்த மெஷினுக்கே உரிய ஆர்பிஜி மொழியில் எழுதிய புரோகிராம்கள். அவற்றை எழுதியவர் ஓய்வு பெற்றுத் தேவகோட்டையில் இருக்கிறார். டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்த இந்தச் சகோதரிதான் இன்று கணினி அறைக்குப் பொறுப்பு.

நிறுவனத்தை இப்போது நடத்துபவர் ஆச்சி. மகன் கோலாலம்பூரிலிருந்து மலேசிய வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே இவர்களிடம் வாங்கும் சூப்பர் மார்க்கெட் நிறுவனம், இனி ஆர்டர்களை எக்ஸ்எம்எல் ஃபைலாகத்தான் (ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் 'டேக்' என்ற பெயர்க்குறி போட்டு எழுதும் ஃபைல்) அனுப்புவோம் என்று சொல்லிவிட்டது. இதுவரை பிடிஎஃப்-ஐப் பார்த்து இரண்டு பையன்கள் கிரீன் ஸ்கிரீன் என்ற பழைய எழுத்துத் திரையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னை நிறுவனம் ஒன்று "எக்ஸ்எம்எல் கனெக்டர்" என்று பல லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறது, வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் தனி. ஆச்சியின் மருமகன், மெஷினையே தூக்கிப்போடலாம் என்கிறார். எந்தக் கருவியை எடுப்பது, அது தப்பான ஆர்டர்களைத் தானே பிடித்துவிடுமா, ஜிஎஸ்டிக்கும் மலேசிய இ-இன்வாய்ஸ் சட்டத்துக்கும் இதே கருவி போதுமா என்பவை சகோதரியின் கேள்விகள். மாதிரி ஃபைல் ஒன்றையும் இணைத்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் விலை கேட்டுக்கொண்டிருக்கும் பொருளில் பெரும்பகுதி உங்கள் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பணமும் கட்டியாகிவிட்டது. ஆச்சியிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

"ஏஎஸ்/400 எக்ஸ்எம்எல் வருவதற்கு முந்தைய மெஷின், அதற்கு எக்ஸ்எம்எல் தெரியாது" என்று விற்பனைக்கு வந்தவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வருடக்கணக்கு சரிதான். ஏஎஸ்/400 வந்தது 1988-இல், எக்ஸ்எம்எல் தரநிலை வெளியானது 1998-இல். ஆனால் உங்கள் அறையில் ஓடுவது 1988-இன் மென்பொருள் இல்லையே. ஆர்பிஜி மொழிக்குள்ளேயே எக்ஸ்எம்எல் படிக்கும் இரண்டு கட்டளைகள் 2006-இல், வி5ஆர்4 பதிப்பில் வந்துவிட்டன: எக்ஸ்எம்எல்-இன்டூ, எக்ஸ்எம்எல்-சாக்ஸ். 2010-இல் வந்த 7.1 பதிப்பில் டேட்டாபேஸே எக்ஸ்எம்எல்-ஐ ஒரு டேட்டா வகையாக ஏற்றுக்கொண்டது. அதே 7.1-க்கு 2012-இல் வந்த மேம்பாட்டில் எக்ஸ்எம்எல்டேபிள் என்ற எஸ்க்யூஎல் (டேட்டாபேஸைக் கையாளும் மொழி) வசதி சேர்ந்தது. உங்களிடம் இருக்கும் 7.3 வெளியானது 2016-இல். இவை எல்லாமே அதில் உண்டு. இன்னமும் எல்லோரும் பழைய பெயரைச் சொல்லியே கூப்பிடுவதால் மெஷினும் பழசு என்ற நினைப்பு வந்துவிடுகிறது. விற்க வருகிறவர்களுக்கு அது வசதி.

மெஷினுக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது

ஒரு கட்டளை போதும். கட்டளை வரியில் கோ லிக்பிஜிஎம் என்று அடித்து, 10-ஆம் ஆப்ஷனை எடுங்கள். நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியல் வரும். அதில் 5770டபிள்யூடிஎஸ் என்ற எண்ணும், அதற்குக் கீழே ஐஎல்இ ஆர்பிஜி கம்பைலர் (எழுதிய புரோகிராமை மெஷின் ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது) என்பதும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எக்ஸ்எம்எல்-இன்டூ உங்களுடையது. கம்பைலர் இல்லாமல் புரோகிராம் ஆப்ஜெக்டுகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் இடங்களும் உண்டு. அப்படியானாலும் கவலை இல்லை. எஸ்க்யூஎல் புரொசீஜர் எழுதுவதற்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். ஆக்சஸ் கிளையன்ட் சொல்யூஷன்ஸ் என்ற, பிசியில் போடும் மென்பொருளின் எஸ்க்யூஎல் திரையிலிருந்தே எழுதிவிடலாம்.

உங்கள் பழைய புரோகிராம்களில் பாதி ஆர்பிஜி-3 காலத்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்எம்எல்-இன்டூ அதில் வேலை செய்யாது, ஆர்பிஜி-4 வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும் என்று பயப்படாதீர்கள். ஆர்பிஜி-3 புரோகிராம் ஒன்று ஆர்பிஜி-4 புரோகிராமை கால் செய்யலாம். எக்ஸ்எம்எல்-ஐப் படிக்க ஒரே ஒரு புதிய புரோகிராம் வந்தால் போதும், பழையவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கருவிக்கு முன்னால் ஃபைல்

நீங்கள் அனுப்பிய மாதிரி ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். எழுபது வரி இருக்கும். அதில் நான் பார்த்ததைச் சொன்னால், எந்தக் கருவி என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

டெலிவரி முகவரியில் கடைப் பெயரின் நடுவே & குறி அப்படியே நிற்கிறது. எக்ஸ்எம்எல்-இல் இது தப்பு. அந்தக் குறியை & என்றுதான் எழுத வேண்டும். அப்படியே விட்டால் உலகத்தில் எந்த பார்சரும் (எக்ஸ்எம்எல்-ஐப் பிரித்துப் படிக்கும் மென்பொருள்) அந்த இடத்திலேயே நின்றுவிடும், லட்ச ரூபாய் கனெக்டரும் நிற்கும். நம் ஊர்க் கடைப் பெயர்களையும் நினைத்துப் பாருங்கள்: வரிசையாக இனிஷியல், கடைசியில் "& சன்ஸ்", "& கோ". நீங்கள் திரும்ப அனுப்பப்போகும் ஃபைலிலும் இதே சிக்கல் வரும். இந்தக் குறி இப்படி நிற்பதைப் பார்த்தால், அந்த மாதிரியை யாரோ கையால் தட்டித் தயாரித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. உண்மையான சிஸ்டம் வெளியிடும் ஃபைல் அப்படி இருக்காது. அதனால் இதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கோலாலம்பூரில் இருக்கும் தம்பியிடம் (ஆச்சியின் மகனிடம்) சொல்லி, அவர்களுடைய சோதனை சிஸ்டத்திலிருந்து நேராக வரும் நாலைந்து ஃபைல்களை வாங்குங்கள். ஒரே வரி உள்ள ஆர்டர் ஒன்று, நூறு வரி உள்ளது ஒன்று, திருத்தப்பட்ட ஆர்டர் ஒன்று, ரத்து செய்யப்பட்டது ஒன்று. இந்த நாலும் அவசியம்.

அடுத்து, தூக்குச்சட்டிக்கு எதிரே அளவு 1,250 என்று கமாவோடு இருக்கிறது. இதுதான் என்னை உட்கார வைத்தது. ஆர்பிஜி எழுத்தை எண்ணாக மாற்றும்போது புள்ளியைப் போலவே கமாவையும் தசமக் குறியாக எடுத்துக்கொள்ளும். ஆயிரத்து இருநூற்றைம்பது தூக்குச்சட்டி ஒன்றேகால் தூக்குச்சட்டி ஆகிவிடும். பிழைச் செய்தி வராது, ஜாப் நிற்காது, குடோனிலிருந்து ஒரே ஒரு சட்டி கிளம்பும். ஆகவே அளவையும் விலையையும் முதலில் எழுத்தாகவே வாங்கிக்கொண்டு, கமா இருந்தால் அந்த ஆர்டரை ஓரமாக நிறுத்திவைப்பது நல்லது. நீங்களே கமாவை நீக்கிவிட்டு உள்ளே விடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அனுப்புகிறவர்கள் சரிசெய்யட்டும்.

மூன்றாவது, டேக் பெயர்களுக்கு முன்னால் இரண்டு மூன்று எழுத்தும் ஒரு முக்காற்புள்ளியும் இருக்கின்றன. இது நேம்ஸ்பேஸ், அதாவது அந்த டேக் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் முன்னொட்டு. ஆர்பிஜியின் எக்ஸ்எம்எல்-இன்டூவில் 'என்எஸ்' என்ற ஆப்ஷனுக்கு 'ரிமூவ்' என்று கொடுத்தால் அந்த முன்னொட்டு கழன்றுவிடும். எஸ்க்யூஎல் வழியில் போனால் நேம்ஸ்பேஸை நீங்களே அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் பிழை எதுவும் காட்டாமல் பூஜ்யம் வரி திரும்பி வரும். இதில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வாங்குபவரின் கிளைப் பெயர்கள் இரண்டு சீன எழுத்தில் இருக்கின்றன. உங்கள் மெஷினின் கோப்புகள் ஐபிஎம்மின் எப்சிடிக் எழுத்துமுறையில், பெரும்பாலும் சிசிஎஸ்ஐடி 37-இல் இருக்கும் (சிசிஎஸ்ஐடி என்பது எழுத்துமுறையைக் குறிக்கும் எண்). அதில் சீன எழுத்துக்கும் இடமில்லை, தமிழுக்கும் இடமில்லை. தெரியாத எழுத்து வந்தால் ஒரு மாற்றுக்குறியைப் போட்டுவிட்டுப் போய்விடும். அந்தப் பெயர் பில்லில் அச்சாக வேண்டும் என்றால், அந்த ஒரு ஃபீல்டை மட்டும் யூனிகோடில் வையுங்கள், யூடிஎஃப்-8 என்றால் சிசிஎஸ்ஐடி 1208. அச்சாக வேண்டாம் என்றால் கிளை எண்ணை வைத்தே வேலையை முடித்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் எண்ணோடு நிறுத்திக்கொள்வேன்.

எழுத்துமுறையிலேயே இன்னொன்றும் உண்டு. ஃபைல் எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக மெஷினின் ஐஎஃப்எஸ் என்ற கோப்பு அடைவுக்குள் வரும்போது, மெஷின் அதற்கு ஒரு சிசிஎஸ்ஐடி அடையாளம் ஒட்டும். உள்ளே யூடிஎஃப்-8 இருக்க, வெளியே 819 என்று ஒட்டியிருக்கலாம். ஆங்கில எழுத்து வரை எல்லாம் நன்றாகத் தெரியும், முதல் சீன எழுத்தில் குளறுபடி ஆகும். ஃபைலின் பண்புகளை மாற்றும் சிஎச்ஜிஏடிஆர் கட்டளையால் அடையாளத்தை 1208 என்று திருத்திவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பையன்கள் "நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை" என்று வந்து நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எதை எடுப்பது

உங்களுக்கு வருவது நாளொன்றுக்கு முப்பது நாற்பது ஆர்டர், பெரியதே நூறு வரி. இதற்கு எக்ஸ்எம்எல்-இன்டூ தாராளமாகப் போதும். எக்ஸ்எம்எல்-இன் அமைப்புக்கு ஏற்ற மாதிரி ஒரு டேட்டா ஸ்ட்ரக்சர் (விவரங்கள் வந்து உட்காரும் கட்டங்களின் வரையறை) எழுதிவிட்டால், ஒரே கட்டளையில் முழு ஆர்டரும் அதற்குள் வந்து உட்கார்ந்துவிடும். தேவகோட்டைக்காரர் ஆர்பிஜியில் ஊறியவர், இதைப் பிடித்துக்கொள்ள அவருக்கு அதிக நாள் ஆகாது.

எழுதும்போது ஒரு விஷயத்தில் அவரோடு சண்டை போடவாவது தயாராக இருங்கள். இந்தக் கட்டளை இயல்பில் கண்டிப்பானது: எதிர்பார்த்த டேக் இல்லாவிட்டாலும் பிழை, எதிர்பாராத டேக் வந்தாலும் பிழை. அந்தத் தொல்லை தாங்காமல் பலரும் 'அலோமிஸ்ஸிங்', 'அலோஎக்ஸ்ட்ரா' இரண்டையும் 'எஸ்' என்று வைத்துவிடுவார்கள். கூடுதல் டேக்கை விட்டுவிடுவதில் தப்பில்லை. வாங்குபவர் நாளைக்கு ஒரு புதிய விவரம் சேர்த்தால் உங்கள் ஜாப் நிற்கக்கூடாது. ஆனால் இல்லாததையும் அனுமதித்தால், அளவே இல்லாத வரி சத்தமில்லாமல் உள்ளே போகும். இருந்தாலும் இருக்கலாம், இல்லாவிட்டாலும் இல்லாமல் போகலாம் என்ற வகை டேக்குகளுக்கு 'கவுன்ட்பிரிஃபிக்ஸ்' என்ற ஆப்ஷன் உண்டு. எத்தனை வந்தது என்ற எண்ணிக்கையை அது தனியாகத் தரும். பூஜ்யம் என்றால் வரவில்லை என்று அர்த்தம். அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாற்பதாயிரம் பொருள்கள் கொண்ட பட்டியல் ஒரே ஃபைலாக வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரே மூச்சில் டேட்டா ஸ்ட்ரக்சருக்குள் இழுக்காதீர்கள். எக்ஸ்எம்எல்-இன்டூவிலேயே 'ஹேண்ட்லர்' என்ற வசதி இருக்கிறது. நூறு நூறாகவோ ஐந்நூறு ஐந்நூறாகவோ எடுத்துக் கொடுத்துக்கொண்டே போகும். இல்லை, எக்ஸ்எம்எல்டேபிள் கொண்டு ஒரு எஸ்க்யூஎல் வரியில் நேரே டேபிளுக்குள் தள்ளலாம். இந்த ஒரு வேலைக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. பட்டியல் மாதிரியான தட்டையான டேட்டாவுக்கு எஸ்க்யூஎல்தான் சுலபம்; நாளைக்கு ஒரு ஃபீல்டு கூடினால் நீங்களே ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம், கம்பைல் வேண்டாம். ஃபைலைப் படிக்கும் 'கெட்_எக்ஸ்எம்எல்_ஃபைல்' என்ற ஃபங்ஷன், கமிட் கட்டுப்பாடு (டேட்டாபேஸ் மாற்றங்களை மொத்தமாக உறுதிசெய்யவோ ரத்து செய்யவோ உதவும் வசதி) இருந்தால்தான் வேலை செய்யும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் மாதிரிப் பழைய இடங்களில் கமிட் கட்டுப்பாட்டை அணைத்தே வைத்திருப்பார்கள்.

எக்ஸ்எம்எல்-சாக்ஸ் உங்களுக்குத் தேவைப்படாது. ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு நிகழ்வு வரும், எங்கே இருக்கிறோம் என்பதை நாமே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அமைப்பே தெரியாத ஃபைலுக்கு அது சரி.

எக்ஸ்பாட் பற்றி மருமகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல பார்சர்தான், ஜேம்ஸ் கிளார்க் எழுதியது, இலவசம். இந்த மெஷினுக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஸ்காட் கிளமென்ட். ஆர்பிஜிக்குள் எக்ஸ்எம்எல் வசதி இல்லாத காலத்தில் எத்தனையோ பேர் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள். ஆனால் 7.3 வைத்திருக்கும் நீங்கள் இன்று புதிதாக அதில் இறங்க ஒரு காரணமும் இல்லை. பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் புதிய பதிப்பைத் தேடி எடுத்து நிறுவும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஜாவா, பைதான் இரண்டும் இதே மெஷினில் ஓடும். தெரிந்த ஆள் கையில் இருந்தால் அவையும் நல்ல வழிதான், உங்களிடம் இல்லை. ஜாவாவில் போனால் ஒரு எச்சரிக்கை: அதன் பார்சர்கள் இயல்பாகவே ஃபைலுக்கு வெளியே உள்ள கோப்புகளைத் தேடிப்போகக்கூடியவை. வெளியார் அனுப்பும் ஃபைலில் அது ஆபத்து; ஃபைலின் தொடக்கத்தில் வரக்கூடிய டாக்டைப் என்ற அறிவிப்புப் பகுதியை மறுக்கும்படி அமைத்த பிறகே ஓட்ட வேண்டும்.

சரி, தப்பான ஆர்டரை பார்சரே பிடித்துவிடுமா? பிடிக்காது. திறந்த டேக் மூடியிருக்கிறதா என்பது வரைதான் அதன் வேலை. பணியாரக்கல் என்று கேட்டுவிட்டு இட்லிக் கொப்பரையின் எண்ணைப் போட்டிருந்தால் அதற்கு எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கும் அறிவு உங்கள் பழைய ஆர்டர் புரோகிராமில் இருக்கிறது. இருபது வருடமாகச் சேர்ந்த சரிபார்ப்புகள் அவை: வாடிக்கையாளர் கடன் வரம்பு, பொருள் எண், பேக்கிங் அளவு. ஆகவே எக்ஸ்எம்எல் புரோகிராம் நேரே ஆர்டர் கோப்புக்குள் எழுதக்கூடாது. தனியாக ஒரு இடைக்கோப்பில் எழுதட்டும். அங்கிருந்து பழைய சரிபார்ப்புகள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பையன்கள் இருவரும் தட்டுவதை விட்டுவிட்டு, ஓரமாக நிறுத்தப்பட்டவற்றைப் பார்க்கும் வேலைக்கு மாறட்டும். ஒரே ஆர்டர் ஃபைல் இரண்டு முறை வருவது சகஜம். ஆர்டர் எண் ஏற்கெனவே இருந்தால் உள்ளே விடக்கூடாது என்ற ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள்.

புரோகிராம் ஓடிய விவரம் பதிவாகும் ஜாப் லாகில் பிழை வந்தால் நிலை எண்ணைப் பாருங்கள். 351 என்றால் ஃபைலே உடைந்திருக்கிறது, அனுப்பியவரிடம் பேசுங்கள். 353 என்றால் ஃபைல் சரியாக இருக்கிறது, நம் டேட்டா ஸ்ட்ரக்சரோடு பொருந்தவில்லை, தேவகோட்டைக்குப் போன் போடுங்கள்.

ஜிஎஸ்டியும் மலேசியாவும்

இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். நம் ஊர் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் எக்ஸ்எம்எல் கிடையாது, ஜேசன் என்ற வேறு ஃபைல் வடிவம். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம், ஏற்றுமதி பில்லுக்கும் உண்டு. எக்ஸ்எம்எல் கனெக்டர் வாங்கினால் இதுவும் முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தால், எப்படி என்று எழுத்தில் கேளுங்கள். இப்போது ஆடிட்டர் அலுவலகம் வழியாக அது ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது என்கிறீர்களே, அதைத் தொடாதீர்கள்.

மலேசியாவின் இ-இன்வாய்ஸ் 2024 ஆகஸ்ட் 1-இல், 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடமிருந்து தொடங்கியது. அந்தச் சட்டப்படி காரைக்குடியிலிருந்து நீங்கள் அவர்களுடைய வரித்துறைக்கு எதையும் அனுப்ப வேண்டியதில்லை. வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கும்போது, வாங்குகிற மலேசிய நிறுவனமே தன் பக்கத்திலிருந்து செல்ஃப்-பில்டு இ-இன்வாய்ஸ் போட்டுக்கொள்ளும். அதற்காக உங்களிடம் சில விவரங்கள் கேட்பார்கள், அவ்வளவுதான். தம்பி அங்கே தன் பெயரில் ஒரு கம்பெனி பதிவு செய்து அதன் வழியாக விற்றால் கதை வேறு. அதை அங்குள்ள வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கொட்டேஷனும் கையெழுத்தும்

நீங்கள் அனுப்பிய கொட்டேஷன் நகலில் மூன்று இடங்களில் எனக்கு நெருடல். லைசென்ஸ் மெஷினின் சீரியல் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. மெஷின் மாறினால் மாற்றுக் கட்டணம் உண்டு என்று பொடி எழுத்தில் இருக்கிறது, எவ்வளவு என்று இல்லை. சோர்ஸ், அதாவது புரோகிராமின் மூல வரிகள், தரமாட்டார்கள். பராமரிப்புக் கட்டணம் நிறுத்தினால் மென்பொருள் தொடர்ந்து ஓடுமா, நின்றுவிடுமா என்பது எங்கும் சொல்லப்படவில்லை. இந்தத் துறையில் சீரியல் எண் லைசென்ஸ் வழக்கம்தான், அதற்காக அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மெஷின் மாறும் நாள் தூரத்தில் இல்லை என்பதால் அது உங்களுக்கு முக்கியம். 7.3-க்கு ஐபிஎம்மின் வழக்கமான ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. கனெக்டருக்கு ஒதுக்க நினைத்த பணத்தைப் புதிய பதிப்புக்கு ஒதுக்குவதுதான் நியாயம். பவர்8 மெஷின் என்றால் 7.4 வரை போகலாம், பவர்9 என்றால் 7.5. எக்ஸ்எம்எல்-இன்டூவில் எழுதிய புரோகிராம் அங்கேயும் அப்படியே ஓடும்.

மருமகன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தேவகோட்டைக்காரருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை. ஆனால் வாங்குபவர் கொடுத்த கெடுவுக்குள் பேரேடு முதல் ஐந்தொகை வரை வேறொன்றுக்கு மாற்றுவது நடக்கிற காரியமில்லை. அது ஒன்றரை, இரண்டு வருடத் திட்டம். ஆர்டர் ஃபைலைச் சாக்கிட்டு அதைத் தொடங்கினால் இரண்டும் கெடும். மருமகனுக்கு ஆர்வம் இருக்கிறது என்றால், எக்ஸ்எம்எல்டேபிள் வேலையை அவரிடமே கொடுத்துப் பாருங்களேன். எஸ்க்யூஎல் தெரிந்தவர் என்கிறீர்கள்; மெஷினைப் பற்றிய அவர் எண்ணமும் கொஞ்சம் மாறலாம்.

கடைசியாக, தேவகோட்டைக்காரரிடம் "பழகினவர்தானே, கொஞ்சம் செய்து கொடுப்பார்" என்று வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளாதீர்கள். அவர் சம்பளத்தில் இருந்தபோது எழுதியவை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே சொந்தம். இப்போது அவர் வெளி ஆள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளி ஆள் எழுதிக் கொடுக்கும் புரோகிராமின் உரிமை, எழுத்து மூலம் மாற்றித் தராதவரை அவரிடமே இருக்கும். மாற்றித் தரும் பத்திரத்திலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு மலேசிய வியாபாரம் இருப்பதால் இரண்டையும் எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் முடிகிற காகிதம். உங்கள் வக்கீல் அரை நாளில் தயார் செய்வார். சோர்ஸை உங்கள் மெஷினிலேயே ஒரு தனி லைப்ரரியில் வைக்கவேண்டும் என்பதையும், நீங்களோ மருமகனோ பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள அவர் எத்தனை நாள் வருவார் என்பதையும் அதே காகிதத்தில் சேர்த்துவிடுங்கள். சம்பளத்தை அவர் கேட்பதற்கு முன்னால் ஆச்சியே நல்ல தொகையாகச் சொல்லிவிடட்டும். கனெக்டரின் ஒரு வருடப் பராமரிப்புக் கட்டணத்தை விட அது குறைவாகவே வரும்.